ஆம்பளை மாத்திரை

பதினேழாம் எண் பஸ்ஸை ஓட்டும் டிரைவரம்மாவுக்கு, சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோகும். மறந்துபோகும் என்பதைவிட, மறக்கப் பழகிக்கொண்டாள் என்பதுதான் சரி. காலை ஐந்தே முக்காலுக்கு டிப்போவை விட்டு வண்டியைக் கிளப்பினால் மதியம் இரண்டரைக்குத்தான் இறக்கம். இந்தப் பக்கத்துக் கடைசி நிறுத்தத்தில் ஒரு கழிப்பறை உண்டு. கதவு இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது. அந்தப் பக்கத்துக் கடைசி நிறுத்தத்தில் தாழ்ப்பாளுக்கு வேலையே இல்லை, ஏனென்றால் அங்கே கழிப்பறையே கிடையாது. ஆண்கள் பாட்டுக்கு வண்டிக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வருவார்கள். அவள் என்ன செய்வாள்? குடித்தால்தானே வம்பு என்று குடிப்பதையே விட்டுவிட்டாள். காலையில் வீட்டில் அரை டம்ளர் டீ, மதியம் வீடு திரும்பியதும் ஒரு பாட்டில் தண்ணீர். நடுவில் உதடு காய்ந்தால் நாக்கால் தடவிக்கொள்வாள். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. அவளுக்கு வயது நாற்பத்து நான்கு.

அவளோடு எட்டு வருஷமாகச் சேர்ந்து ஓடும் கண்டக்டருக்கு ஐம்பத்தாறு. வாய் ஓயாத மனிதர். இறங்குகிற கிழவியின் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் வீட்டுப் பூனை குட்டி போட்டதா என்றும் கேட்டுவிட்டுத்தான் விசில் ஊதுவார். பயணிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ரெண்டு நிமிஷம்'. காரணம் இருந்தது. நூலகத்து நிறுத்தத்திலோ, மரச்சாமான் கடை நிறுத்தத்திலோ வண்டி நின்றால், திடீரென்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு நிமிஷம் டிரைவரம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடுவார். அந்த இரண்டு நிமிஷம் ஐந்தாகும், ஆறாகும். வண்டிக்குள் ஆட்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவள் கண்ணாடியில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரோ கிடைத்துவிட்டார்கள், வாயடித்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் அவள் நினைப்பு. வண்டி தாமதமானால் டைம் கீப்பர் எழுதுவது டிரைவரின் பெயரைத்தான். ஒரே வருஷத்தில் நான்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஐந்தாவது வந்த அன்று அவரை டிப்போ வாசலில் நிற்கவைத்து வெளுத்து வாங்கினாள். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அதன் பிறகு ஒரு மாதமாக இருவருக்கும் நடுவே விசில் சத்தம் தவிர வேறு பேச்சு கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் அது வந்தது. முதலில் இடது விலாவுக்குக் கீழே யாரோ விரலால் நிமிண்டியது போல இருந்தது. வாயுப் பிடிப்பு என்று நெளிந்து உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அந்த விரல் முறுக்குகிற கையாக மாறியது. முதுகிலிருந்து அடிவயிற்றுக்கும், அங்கிருந்து தொடைக்கும் ஒரு கம்பியைப் பாய்ச்சி இழுத்தது போல வலி. பிள்ளை பெற்றவள்தான் அவள். ஆனால் அந்த வலிக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், ஒரு நியாயம் இருந்தது. இதற்கு எதுவும் இல்லை. வியர்வை கண்ணை மறைத்தது. அந்த நிலையிலும் விளக்கைப் போட்டு, ஓரம் கட்டி, கை பிரேக்கை இழுத்து, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தாள்.

மற்றதெல்லாம் கண்டக்டர் பார்த்துக்கொண்டார். பின்னால் வந்த வண்டியைக் கை காட்டி நிறுத்திப் பயணிகளை ஏற்றினார், டிப்போவுக்குச் சொன்னார், ஒரு டாக்சியை மறித்து அவளைத் தாங்கி உட்காரவைத்தார். வழியில் அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இரண்டு முறையும் தன் டிக்கெட் பையைக் காலி செய்து நீட்டியவர் அவர்தான். ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத மனிதரின் பையில் வாந்தி எடுக்கிறோமே என்று அந்த வலியிலும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட அரை மணி நேரத்தில், போன உயிர் திரும்பி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்துச் சொன்னவர் சிறுநீரக டாக்டரம்மா. குள்ளமாக, கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, நின்றபடியே பேசுகிறவர். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயில், கிட்டத்தட்ட அடியில், ஆறு மில்லிமீட்டர் கல் ஒன்று மாட்டியிருக்கிறது என்றார். காய்ச்சல் இல்லை, மற்ற சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது, கத்தி வேண்டாம், மாத்திரை தருகிறேன், தானாக இறங்குகிறதா பார்ப்போம் என்றார். தினமும் ஒன்று, ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். போகிறபோதெல்லாம் வடிகட்டியில் பிடித்துப் பார்க்க வேண்டும். குளிர் காய்ச்சல் வந்தாலோ, வலி அடங்காவிட்டாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ நேரம் காலம் பார்க்காமல் ஓடி வர வேண்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், ஆகவே பஸ் பக்கம் போகவே கூடாது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். இருபது வருஷமாகக் கண்ணாடிப் புட்டிகளோடு குடித்தனம் நடத்துகிறவர். எந்தப் புட்டியையும் மேலே ஒட்டியிருப்பதைப் படிக்காமல் திறக்க மாட்டார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, மேசை விளக்கடியில் விரித்து, பரீட்சைத் தாள் திருத்துவது போலப் படித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"உனக்குப் புராஸ்டேட் இருக்கா?"

"எனக்கு எங்கேர்ந்து வரும்? என்ன கேள்வி இது?"

"இது புராஸ்டேட் வீங்கின ஆம்பளைங்களுக்குன்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழே கறுப்பா, தடியா, பெண்களுக்கான மருந்து அல்லன்னும் போட்டிருக்கு."

அவள் தாளைப் பிடுங்கிப் படித்தாள். அப்படியேதான் இருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் அவளுக்கு அடுத்த நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து எழுந்து போனவர். சந்தேகமே இல்லை, சீட்டு மாறிவிட்டது. அவருடையது இங்கே வந்துவிட்டது, அவளுடையது அங்கே போய்விட்டது. "பாவம், அந்த மனுஷன் கல்லு மாத்திரையை முழுங்கிட்டு உட்கார்ந்திருப்பாரு" என்று அவள் அந்தப் பெரியவருக்காகவும் வருத்தப்பட்டாள்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போன் செய்தார். இரண்டு முறை பாட்டுக் கேட்டது. மூன்றாவது முறை ஒரு குரல், டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறதே, அப்போது கேட்டுக்கொள்ளுங்கள் என்றது. நேரில் போய்ப் பார்ப்போம் என்று அவர் துடித்தார். வலி அடங்கித்தானே இருக்கிறது, அங்கே போய் நாற்பது பேருக்கு நடுவில் உட்கார முடியாது என்று அவள் மறுத்துவிட்டாள். வலி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, அந்தப் பெட்டியைத் துணி அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள்.

டிப்போவில் அவளை டைம் கீப்பர் அறைக்கு மாற்றினார்கள். அறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு சுவர்க் கடிகாரம், வந்துபோகும் வண்டிகளின் நேரத்தைக் குறிக்க நீளமான ஒரு நோட்டு. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குடம், நாற்பது அடி நடந்தால் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக வேலை நேரத்தில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்தாம் நாள் மத்தியானம், பழைய கை திரும்பவும் முறுக்க ஆரம்பித்தது.

நேரக் கையெழுத்துப் போட வந்த கண்டக்டர், மேசையில் குப்புறக் கிடந்தவளைப் பார்த்துப் பதறிப்போனார். மாத்திரை போட்டாயா தங்கச்சி என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் 'தங்கச்சி'. அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"என்ன மாத்திரைண்ணே போடறது? ஆம்பளை மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்காங்க. பாருங்க, பேரைப் பாருங்க" என்று, கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காகவே கைப்பையில் போட்டு வைத்திருந்த தாளை அவர் கையில் திணித்தாள்.

அவர் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. மருந்தின் பேரை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். அவர் வண்டியின் ஹார்ன் சத்தம் கேட்டதும் தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஆம்பளை சமாசாரத்தை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டிவிட்டோமே, சங்கடப்பட்டுவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வேலை முடிந்ததும் அவர் திரும்பி வந்தார். வந்தவர் கதவைப் பாதி சாத்தினார். சட்டையின் உள்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, அவளுடைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு பெயரும் ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒன்று.

"ரெண்டு வருஷமா சாப்பிடறேன்" என்றார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. "எனக்குப் புராஸ்டேட். வந்துச்சுன்னா அடக்க முடியாது. போனா சீக்கிரம் முடியாது. நூலகத்துல ஒண்ணு இருக்கு, மரச்சாமான் கடையில ஒண்ணு இருக்கு. அங்கதான் ஓடுவேன்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும், டிப்போ வாசலில் தான் பேசிய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து அறைந்தது. சொல்லியிருக்கலாமே அண்ணே என்றாள். எப்படிச் சொல்வது, பெண்பிள்ளையிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது என்றார் அவர். வீட்டில் மனைவிக்கே தெரியாதாம். சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.

"அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மருந்துக் கடையில ஒரு பொண்ணு இருக்கும். ஒவ்வொரு தடவையும் அட்டையை எடுத்துக்கிட்டு, உங்களுக்குக் கல்லா, புராஸ்டேட்டா, எதுக்குன்னு கேட்கும். பின்னாடி பத்துப் பேர் நிப்பாங்க. நான் என்ன சொல்வேன்? கல்லுன்னு சொல்லிடுவேன். கல்லுன்னா ஒரு மரியாதை இருக்கில்ல. தண்ணி நிறையக் குடிங்க சார்னு சொல்லிக் கொடுத்துடும். ரெண்டு வருஷமா நான் கல்லுக்காரன். அதனாலதான் சொல்றேன் தங்கச்சி. சீட்டு மாறலை. கல்லுக்கும் இதைத்தான் கொடுக்கிறாங்க."

வலியோடு வலியாக அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எட்டு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆனால் மருந்துக் கடைப் பெண்ணின் கேள்வியை மட்டும் நம்பி விழுங்கக் கூடாது, டாக்டர் வாயால் கேட்டுவிடுவோம் என்று அவரே சொன்னார். வீட்டுக்காரருக்கும் சொல்லி வரவழைத்து, மூன்று பேருமாக அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்த முறை அவர் கண்டக்டர் வேலையைக் காட்டினார். வரிசையில் நின்றவர்களிடம், பெயர் பதிகிற இடத்து நர்ஸிடம், எல்லோரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசி, கூட்டத்துக்குள் வழி பண்ணி, வலியோடு இருக்கிறவளை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

டாக்டரம்மா கதை முழுவதையும் கேட்டார். இந்த முறை உட்கார்ந்து கேட்டார். ஐந்து நாள் மாத்திரையே போடவில்லை என்றதும் முகம் சுளிப்பார் என்று அவள் பயந்தாள். அவரோ நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தப்பு என்னோடது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். படிக்கிறவங்க வீட்டுல இந்தத் தாளால எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தியிருப்பாங்களோ" என்றார். பிறகு தன் இடது கையைக் குழல் போல மடக்கிக் காட்டினார். "அந்தக் குழாய் வெறும் ரப்பர் குழாய் இல்லம்மா. சுத்தி வர சதை இருக்கு. கல்லு வந்து மாட்டினா அந்தச் சதை பயந்துபோய் இறுக்கிப் பிடிச்சுக்குது. பிடிக்கப் பிடிக்க வலி. இந்த மாத்திரை அதுகிட்டப் போய், கொஞ்சம் கையைத் தளர்த்துன்னு சொல்லுது. கல்லைக் கரைக்காது, உடைக்காது. வழி விடச் சொல்லும், அவ்வளவுதான். ஆம்பளைங்களுக்குப் பையோட வாயிலயும் புராஸ்டேட்டுலயும் இதே மாதிரிச் சதை இருக்கு. அதனால அவங்களுக்கும் இதே மாத்திரை. குழாய்க்கு ஆம்பளை பொம்பளை தெரியாது."

அப்படியானால் தாளில் ஏன் அப்படிப் போட்டிருக்கிறது என்று வீட்டுக்காரர் விடவில்லை. மருந்துக் கம்பெனி புராஸ்டேட்டுக்கு என்று அனுமதி வாங்கியதால் அதை மட்டும் அச்சடிக்கிறார்கள் என்றும், கல்லுக்குக் கொடுப்பது ஆராய்ச்சிகளைப் பார்த்து டாக்டர்கள் எடுக்கிற முடிவு என்றும் அவர் விளக்கினார். எல்லாக் கல்லுக்கும் இது பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ரொம்பச் சின்னக் கல் இது இல்லாமலே இறங்கிவிடும், பெரிய கல் இதற்கும் அசையாது, உங்கள் கல்லின் அளவுக்கும் அது நிற்கிற இடத்துக்கும் நல்ல வாய்ப்பு இருக்கிறது, நான்கு வாரம் பார்த்துவிட்டு நகரவில்லை என்றால் உள்ளே மெல்லிய குழாய் விட்டு எடுத்துவிடலாம் என்றார். பூசி மெழுகாமல் அவர் பேசியது அவள் நெஞ்சில் பால் வார்த்தது. அங்கேயே சிறுநீரைச் சோதித்தார்கள், ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்ததே தவிர மோசம் போகவில்லை. நர்ஸ் இன்னொரு ஊசி போட்டாள்.

வெளியே வரும்போது டாக்டரம்மா கண்டக்டரைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார். அவர் ஒரு கணம் தயங்கினார்.

"நானும் இந்த மாத்திரைதான் டாக்டர்" என்றார். "எனக்குப் புராஸ்டேட்."

நடுவழியில் நின்றுகொண்டு, நான்கு பேர் காதில் விழும்படி அதைச் சொன்னார்.

அன்று சாயங்காலமே மாத்திரை ஆரம்பமானது. அதற்கு முன்பே கண்டக்டர் போனில் பாடம் எடுத்துவிட்டார். முதல் மூன்று நாள் சட்டென்று எழுந்திருக்கக் கூடாது. படுத்திருந்தால் முதலில் உட்கார வேண்டும், காலைத் தொங்கப் போட்டு இருபது எண்ண வேண்டும், பிறகு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெந்நீரில் நெடுநேரம் குளிக்கக் கூடாது. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஒரு நாள் தான் குளியலறைக் கதவோடு சரிந்ததையும் சொன்னார். இதையெல்லாம் டாக்டரும் சொல்லியிருந்தார்தான். ஆனால் விழுந்தவர் வாயால் கேட்கும்போது அதன் கனமே வேறு. மறுநாள் காலை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் எண்ண, வீட்டுக்காரர் எதிரே இரண்டு கையையும் நீட்டியபடி, மேசை விளிம்பில் தள்ளாடும் குடுவையைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி நின்றார். பதினாலு எண்ணும்போது அறை ஒரு சுற்றுச் சுற்றியது. இருபதில் நின்றது. எழுந்தாள்.

அவர் தன் பங்குக்கு அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும், நெருக்கமான வலை போட்ட ஒரு வடிகட்டியும், மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டியும் வாங்கி வந்து கழிப்பறையில் வரிசையாக வைத்தார். புட்டியில் சீட்டு ஒட்டி, தேதி எழுத இடம் விட்டிருந்தார். எவ்வளவு குடித்தாள், எவ்வளவு போனாள் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் தன்னை இவ்வளவு கூர்ந்து கவனித்ததே இல்லை என்று அவள் கிண்டல் செய்தாள். அவர் சிரிக்கவில்லை. அந்த முதல் நாள் போனில் கண்டக்டர் சொன்ன செய்தியைக் கேட்டதும், ஆய்வகத்தில் கையிலிருந்த குடுவையை எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியாமல் ஓடி வந்ததாகச் சொன்னார். அவள் இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

நடுவில் இரண்டு முறை வலி வந்தது. ஆனால் முன்பு போல ஒரே இடத்தில் முறுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்தது. ஒன்பதாம் நாள் காலை, ஏழு மணிக்கு, எரிச்சலாக ஒரு குத்து. தொடர்ந்து, வடிகட்டியில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். குனிந்து பார்த்தாள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு நிறம், உடம்பெல்லாம் முள். இந்தப் பொடிப் பயலா என்னை அந்தப் பாடு படுத்தினான் என்று அவளுக்கு நம்பவே முடியவில்லை. பிறகு அந்தக் குளிர்ந்த தரையிலேயே, கதவில் சாய்ந்து உட்கார்ந்து, நன்றாக, மனம்விட்டு அழுதாள். வலியால் வந்த அழுகை இல்லை. உடம்புக்குள் எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு சதை, சொன்ன பேச்சைக் கேட்டுக் கையைத் தளர்த்தியிருக்கிறது. அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவர் யார், எந்த ஊரில் இருக்கிறார், உயிரோடுதான் இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. தெரியாத அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்காரர் கல்லைப் புட்டியில் போட்டு, மூடி, தேதியும் நேரமும் எழுதினார். அவள் கண்டக்டருக்குப் போன் செய்தாள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. வேலையில் இருந்தார்.

"அண்ணே, இறங்கியாச்சு."

"எந்த ஸ்டாப்ல?" என்றார் பழக்கதோஷத்தில்.

இரண்டு நொடி கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் வண்டிக்குள் யார் யாருக்கோ சொல்லிவிட்டார் போலிருக்கிறது, சில பேர் கைதட்டுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது.

டாக்டரம்மா கல்லைச் சோதனைக்கு அனுப்பினார். ஸ்கேனில் குழாய் சுத்தமாக இருந்தது, மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். தண்ணீர் விஷயத்தில்தான் கண்டிப்பாக இருந்தார். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டராவது போக வேண்டும், அதற்குத் தக்கபடி குடிக்க வேண்டும், இல்லையென்றால் இவன் தம்பி அடுத்த வருஷம் வருவான் என்றார். அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குத் திரும்பினால் குடிப்பது எப்படி, குடித்தால் போவது எங்கே?

கண்டக்டர் அதற்கும் விடை வைத்திருந்தார். திரும்ப வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய நாள், பதினேழாம் எண் வண்டியிலேயே அவளைப் பயணியாக ஏற்றி, வழிநெடுக அழைத்துப்போனார். மரச்சாமான் கடையில் முதலாளியம்மாவிடம் அறிமுகப்படுத்தினார். கட்டில்களுக்கு நடுவே புகுந்து, பின்பக்கம் இடதுபுறம், தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும், தூக்கிப் போட வேண்டும். பெட்ரோல் போடுகிற இடத்தில் சாவி கல்லாப் பெண்ணிடம் இருக்கும், ஒரு பெரிய மரக்கட்டையில் கட்டியிருக்கும், கூச்சப்படாமல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எந்த இடத்தில் தண்ணீர் வரும், எந்த இடத்தில் சோப்பு இருக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு வருஷம் ஒளிந்து ஒளிந்து சேர்த்த அறிவு.

நூலகத்தில் இருந்தவர் நரைத்த கூந்தலைத் தூக்கிக் கட்டிய ஓர் அம்மா. விஷயத்தைக் கேட்டதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். ஊழியர்களுக்கான அறைச் சாவி.

"பதினோரு வருஷமா இந்த வாசல்ல வண்டியை நிறுத்துறீங்க. தினமும் ஜன்னல் வழியா பார்க்கிறேன்" என்றார். "ஒரு நாள் கேட்டிருக்கலாமேம்மா."

அவள் உள்ளங்கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். உண்மைதான், கேட்டதே இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று தனக்குத் தானே முடிவு கட்டிக்கொண்டு, எத்தனை ஆயிரம் முறை இந்தக் கதவைத் தாண்டிப் போயிருக்கிறாள். கேட்பது இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் போயிற்றே. சாவியைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, நன்றி சொல்ல நிமிர்ந்தாள். அந்த அம்மா அதற்குள் ஒரு பிள்ளைக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

டிப்போ மேலாளரிடமும் ஒரு மனு கொடுத்தார்கள். அவளும் கண்டக்டரும் சேர்ந்து எழுத, இருபத்திரண்டு டிரைவர்களும் கண்டக்டர்களும் கையெழுத்திட்டார்கள். மேலாளர் நல்ல மனிதர், ஆனால் அவர் கையில் இருந்தது கொஞ்சம்தான். அட்டவணையில் இரண்டு கடைசி நிறுத்தங்களிலும் நான்கு நிமிஷம் கூட்டினார். ஒரு தாழ்ப்பாள் போட்டார். புதுக் கழிப்பறைக்கு மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். அது எப்போது வருமோ. ஆனால் அந்த ஐந்து விளக்கக் கடிதங்களையும் கோப்பிலிருந்து எடுத்து அவள் முன்னால் கிழித்துப் போட்டார். அதற்கே அவள் அவரை வாயார வாழ்த்திவிட்டு வந்தாள்.

ஒரு காரியம் மட்டும் பாக்கி இருந்தது. உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள் அண்ணே என்று அவள் கண்டக்டரை விடாமல் நச்சரித்தாள். நான்கு நாள் மழுப்பினார். ஐந்தாம் நாள் விடிந்ததும் வேலைக்கு வந்தவரின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"சொல்லிட்டேன்" என்றார். "அவளுக்கு ஒரு வருஷமாவே தெரியுமாம். துவைக்கப் போட்ட சட்டைப் பையில அட்டை இருந்திருக்கு. சத்து மாத்திரை சாப்பிடறவன் எவனாவது கட்டில்ல உட்கார்ந்து இருபது எண்ணுவானான்னு கேட்கிறா. நானா வாயைத் திறப்பேன்னு காத்துக்கிட்டு இருந்தாளாம்."

அந்த வாரக் கடைசியில் அவர் மனைவியே வந்துவிட்டார். உயரமான பெண்மணி, துணி ஆலையில் தையல் வேலை, விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. டிரைவர் இருக்கைக்கு அருகில் வந்து, கதவு வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உன்னால்தான் என் வீட்டு மனுஷன் வாயைத் திறந்தார், இப்போது டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போகிறோம் என்றார். அவளோ, என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதே உங்கள் மனுஷர்தான், நான் அல்லவா உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். யார் யாருக்கு நன்றி சொல்வது என்று இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்ததில் வண்டி கிளம்ப ஒரு நிமிஷம் தாமதமாகிவிட்டது.

முப்பது வருஷக் கல்யாணத்தில் அந்த அம்மா புருஷன் வேலை பார்க்கிற வண்டியில் ஏறியதே இல்லையாம். அன்று ஏறினார். முன்வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே முறையாகக் கிழித்து ஒரு டிக்கெட்டை மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா அதைப் பத்திரமாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அந்தக் கட்டடம் என்ன, இந்தப் பாலம் எப்போது கட்டினார்கள், இவ்வளவு பேருக்கும் உங்களைத் தெரியுமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் பெருமை பிடிபடாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். டிரைவரம்மா கண்ணாடியில் இருவரையும் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள், பிரேக்கில் காலை மெல்ல வைத்து, குலுங்காமல் அடுத்த நிறுத்தத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினாள்.